காத்திருப்புச் சான்று

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோகிலாவின் ஏக்கம் அறுபத்து நான்கு. போன செவ்வாயும் அதுதான். அதற்கு முந்தைய செவ்வாயும்.

ஆலோசகர் யாமினி அந்த எண்ணைப் பதிந்துவிட்டு, கோகிலாவின் நெற்றிப்பொட்டில் ஒட்டியிருந்த உணரிதழை மெதுவாகப் பிரித்தாள். வெங்காயத் தோல் போல மெல்லிய இதழ். எடுக்கும்போது சிலருக்கு முடி இழுபடும். கோகிலா முகம் சுளிப்பதில்லை.

"குறஞ்சிருச்சுங்களா மேடம்?"

"இல்ல. அப்படியேதான் இருக்கு."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் கோகிலா.

திருச்செங்கோட்டின் அந்த மையத்துக்கு வாரத்தில் அறுபது பேர் வந்தார்கள். எண் குறையவில்லை என்று கேட்டு நிம்மதி அடைகிறவள் அவள் ஒருத்திதான்.

ஏக்கமானி வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. தனக்கு வேண்டியவர் அருகில் இல்லாதபோதும் மூளை அவரை எதிர்கொள்ளத் தயாராகிக்கொண்டே இருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவருக்கான இடத்தை ஒரு கணம் திறக்கிறது. அவர் இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொள்கிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை, ஏங்குகிறவருக்கே தெரியாமல். அந்தத் திறப்புகளை எண்ணி நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதுதான் கருவியின் வேலை.

அது பிறந்ததே மானியத்தால்தான். மனநல ஆலோசனைக்கு அரசு மானியம் கொடுத்துவந்தது. சாலை போட்டால் அளக்கலாம், தடுப்பூசி போட்டால் எண்ணலாம். ஓர் அறையில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசினார்கள், ஒருத்தி அழுதாள், தண்ணீர் குடித்தாள், வீட்டுக்குப் போனாள் என்றால் அங்கே என்னதான் நடந்தது என்று மேலிடத்தில் கேட்டார்கள். யாராலும் விளக்க முடியவில்லை. அதனால் அளப்பதற்கு ஒன்றைச் செய்தார்கள். ஏக்கம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மானியம் என்று ஆயிற்று.

பிறகு அது மணிக்கட்டுப் பட்டையாகி வீடுகளுக்குள் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், பழைய ஏக்கம் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று நாசூக்காக விசாரித்தார்கள். ஐம்பதுக்கு மேல் காட்டினால் அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு. மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிய மாமியார்கள் மருமகளின் கையைத் திருப்பிப் பார்த்து, "எட்டுதான் காட்டுது. இந்த எட்டுக்குத்தான் எம்பையன் அங்க கெடந்து வேகறானா?" என்றார்கள்.

கடைசியில் சட்டத்துக்குள்ளும் வந்தது. காணாமல் போன ஒருவரை எப்போது இறந்தவராகக் கொள்வது என்ற பழைய கேள்விக்குப் புதிய விடை எழுதினார்கள்: யாரேனும் ஒருவர் நாற்பதுக்கு மேல் ஏங்கிக்கொண்டிருக்கும்வரை அவர் இறந்தவர் அல்லர். ஆண்டுக்கு ஒருமுறை மையத்தில் அளந்து காத்திருப்புச் சான்று கொடுப்பார்கள். கோகிலாவிடம் அப்படி மூன்று சான்றுகள் இருந்தன. மூன்றும் அவள் கணவன் பூபாலனை உயிரோடு வைத்திருந்தன.

பூபாலன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் துளைப்பாளன். திருச்செங்கோட்டில் பாதி வீடுகளின் சோறு பூமியில் துளை போடுவதில் வந்தது. இங்கே நீர்மட்டம் ஆயிரத்து எண்ணூறு அடிக்குக் கீழே போனபின் ரிக் வண்டிகள் கப்பல் ஏறி ஆப்பிரிக்கப் பாலைகளுக்குப் போயின. நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மணல்காற்று நாளில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்ற இன்னொரு வண்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறேன் என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். போய்ச் சேரவில்லை. தேடியவர்களுக்குக் கேன் மட்டும் கிடைத்தது, மூடி திறக்காமல்.

"இன்னிக்கு என்ன சொல்லப் போறீங்க?" யாமினி கேட்டாள்.

கோகிலா சற்று யோசித்தாள். "அவரு ஊருக்கு வர்றதச் சொல்லட்டுங்களா? எட்டு மாசம் கழிச்சு வருவாருங்க. மொத நாளு கத்திக் கத்திப் பேசுவாரு. கம்ப்ரஸர் சத்தத்துலயே கெடந்து காது மந்தமாயிருமுங்களே. 'சோத்தப் போடு'ன்னா மூணு வீடு தள்ளி இருக்கறவங்க தட்டெடுத்துட்டு வந்துருவாங்க."

யாமினி சிரித்தாள்.

"ரெண்டாம் நாளும் அப்பிடித்தான். மூணாம் நாளு கொரலு எறங்கும். நாலாம் நாளு பக்கத்துல உக்காந்து எனக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசுவாரு. எட்டு மாசமும் நான் அந்த நாலாம் நாளுக்குத்தானுங்க இருந்தது."

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது யாமினி தன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அது ஏந்துரை நேரம். வந்தவர் சொன்னதை ஆலோசகர் தன் வாயால், 'நான்' என்று, தனக்கே நடந்ததுபோலத் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் துயரம் இன்னொருவர் குரலில் வரும்போது சொன்னவருக்கு அது ஒரு கை தூரம் தள்ளிப் போகிறது என்று துறையின் கையேடு சொன்னது. பெரும்பாலோருக்குப் போகவும் செய்தது. கையேட்டில் இன்னொரு விதியும் இருந்தது: ஆலோசகர் அந்த ஆளின் படத்தைப் பார்க்கக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது. சொல்லிலிருந்து மட்டுமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

"எட்டு மாசம் கழிச்சு அவர் வர்றார்," என்று யாமினி தொடங்கினாள். "முதல் நாள் கத்திப் பேசறார். நான் சிரிக்கறேன். அக்கம்பக்கம் கேட்கும்னு கையால அவர் வாயைப் பொத்தறேன். நாலாம் நாள் அவர் குரல் இறங்குது. எனக்கு மட்டும் கேட்குது. எனக்கு அந்த நாலாம் நாள் போதும்."

கோகிலா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்தியதாக அவள் சொல்லவில்லை. அதை இருவருமே கவனிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளாக நூற்றைம்பது செவ்வாய்க்கிழமைகளுக்கு மேல் யாமினி இப்படிச் சொல்லியிருந்தாள். நாற்பத்து நான்கு வயது, தனியாக வாழ்கிறவள், தனிமையைப் பெரிய குறையாக எண்ணாதவள். ஆனால் சமீபகாலமாக, எப்போதாவது ஒரு ரிக் வண்டி தெருவைக் கடந்தால் கையிலுள்ள வேலை நின்றுவிடுகிறது. போன மாதம் துணிக்கடையில் நாற்பத்திரண்டு அளவுச் சட்டை ஒன்றை எடுத்துத் தோள்பட்டையை நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்குங்க மேடம், வீட்டுக்காரருக்குங்களா?" என்று கடைப்பெண் கேட்டபோதுதான் கீழே வைத்தாள். உடல் களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

"கோகிலா, அடுத்த வாரம் துறையிலிருந்து ஆய்வாளர் வர்றார். புதுக் கருவி கொண்டு வர்றார். இலக்குமானின்னு பேரு. எவ்வளவு ஏக்கம்னு மட்டுமில்ல, யாருக்கான ஏக்கம்னும் சொல்லுமாம். இனி சான்றும் இந்த ஒரு மணி நேரமும் அதைப் பார்த்துத்தான்."

"சொல்லட்டுங்களே. யாருக்குன்னு எனக்குத் தெரியாததா?" என்றாள் கோகிலா. பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அவரப் பெத்த அத்தையும் இங்க வந்துதானுங்க கொணமானாங்க. அறுவதுல இருந்து ஒம்பதுக்கு வந்துட்டாங்க. இப்ப கருமாதி பண்ணிப்போடலாங்கறாங்க. 'வராத அழுகைக்கு எத்தன நாளுடி உக்காந்திருக்கறது'ங்கறாங்க. நல்லவங்கதான். நான் ஒருத்திதான் குறுக்க நிக்கறேன். என்ற சான்று போச்சுன்னா அவரு பேரு போயிருமுங்க."

*

மானிய ஆய்வாளர் ரஃபி ஐம்பத்தைந்து வயதுக்காரர். கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டி மாவட்டம் முழுவதும் பேருந்தில் அலைகிறவர்.

"காலைல ஒருத்தரைப் பார்த்துட்டு வர்றேன் மேடம்," என்று கம்பிகளைப் பிரித்துக்கொண்டே சொன்னார். "செத்துப்போன சம்சாரத்துக்காகன்னு பன்னெண்டு வருஷமா எழுபது வச்சிருக்கார். இதுல பார்த்தா அந்தம்மாவுக்கு மூணு. மிச்சம் எதுக்குன்னா, வித்துப்போட்ட காளைக்காம். அவரே ஒத்துக்கிட்டார். மூக்கணாங்கயிறு இன்னும் வீட்டுல தொங்குதாம்."

கோகிலா சிரிக்கவில்லை. கழுத்துவரை வியர்த்திருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. ஊசியா குத்தப் போறேன்? முதல்ல கருவிக்குச் சுழி வைக்கணும். உங்க வீட்டுக்காரரைக் கண்டே இராத ஆள் ஒருத்தர் வேணும். அவங்களுக்கு என்ன காட்டுதோ அதுதான் பூச்சியம். மேடம், நீங்க உக்காருங்களேன்."

யாமினி உட்கார்ந்தாள். உணரிதழ் நெற்றியில் குளிர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் அவள் அதை ஒட்டிக்கொண்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முதலில் படம். திரையில் ஒல்லியான ஒருவர், எண்ணெய்க்கறை படிந்த பனியனில், வெயிலுக்குக் கண் சுருக்கி நின்றார். இவரா, என்று யாமினி நினைத்தாள். இன்னும் உயரமாக எதிர்பார்த்திருந்தாள்.

"பூச்சியம்," என்றார் ரஃபி. அடுத்தது குரல். ஐந்து நொடிகள், கரகரப்பாக, வண்டிச் சத்தத்துக்கு மேலே யாரையோ கூப்பிட்ட குரல். "பூச்சியம். நல்லது. இனி பேர்."

கருவி எந்தக் குரலும் இல்லாத குரலில் சொன்னது: பூபாலன். கோகிலாவின் கணவர். ரிக் துளைப்பாளர்.

எண் ஏறத் தொடங்கியது. இருபது. முப்பத்தைந்து. ஐம்பத்தெட்டில் நின்றது.

ரஃபி கருவியின் முதுகில் தட்டினார். அணைத்துத் திரும்பப் போட்டார். ஐம்பத்தெட்டு. காவலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்றுக்கும் பூச்சியம். தானே ஒட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றுக்கும் பூச்சியம். மறுபடியும் யாமினி. ஐம்பத்தெட்டு.

"மேடம், உங்களுக்கு இவரை முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார்."

"அவங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றாள் கோகிலா. "நான் சொல்லித்தான் தெரியும்."

ரஃபி கோகிலாவின் நெற்றியில் இதழை ஒட்டினார். படத்துக்குப் பதினொன்று. குரலுக்குப் பத்து. பேருக்குப் பதினொன்று.

"தப்பா காட்டுதுங்க," என்றாள் கோகிலா. "மறுக்கா வெய்ங்க."

மறுபடியும் வைத்தார். பதினொன்று.

"அப்ப அறுபத்து நாலு எதுக்குங்க காட்டுது? அந்த மிச்சம்?"

ரஃபி தயங்கினார். விதிப்படி மிச்சத்தையும் தேட வேண்டும். அம்மா, அப்பா, உடன்பிறந்தோர் என்று வரிசையாகப் பெயர்கள் போயின. ஒன்று, இரண்டு, இரண்டு. ஏதோ தோன்றி, சுவரில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து யாமினியின் பெயரைத் தட்டினார். நாற்பத்தெட்டு.

கோகிலா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கெழம இங்க வந்தா அவரு இருப்பாருங்க," என்றாள். "வீட்டுல இல்ல. இங்கதான் இருந்தாரு. அதானுங்க." பிறகு குரல் உடையாமல், ஒரு பொருள் காணோம் என்று கேட்பவள்போல, "எனக்குத் தெரியாம எப்பங்க போச்சு?" என்றாள்.

யாமினியின் நெற்றியில் இதழ் ஒட்டியிருந்த இடம் அரித்தது. எத்தனையோ பேரின் எண்கள் அவள் கண் முன்னால் இறங்கியிருந்தன. ஒவ்வொன்று இறங்கும்போதும் ஏதோ கரைந்துபோகிறது என்று நம்பியிருந்தாள். கரைந்தது எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. எண் இறங்கிய நாற்காலியை மட்டுமே பார்த்தாள். எதிர் நாற்காலியில் இருந்தது அவள்.

"நான் எதையும் எடுத்துக்கணும்னு நினைக்கல கோகிலா."

"நீங்க எடுக்கலீங்க. வாரா வாரம் நாந்தான கொண்டாந்து குடுத்தேன்." கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மீதி கொஞ்சம் வெச்சுட்டாவது குடுத்திருக்கலாம்."

ரஃபி பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருந்தார். "அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள்ள போகணும்," என்றார். "பதினொண்ணுன்னா சான்று கிடையாது. இந்த மணி நேரமும் வேற ஆளுக்குப் போயிரும். எனக்கு வேற வழி இல்லம்மா."

"அப்ப அவரு செத்துட்டாருன்னு எழுதிருவீங்க."

"நான் எழுத மாட்டேன். சான்று இல்லேன்னா அதுவா எழுதிக்கும்."

கோகிலா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே மலைக்குக் கீழே ரிக் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. பல மாதங்களாக அசையாத வண்டிகள். டயர்களுக்கு அடியில் புல் முளைத்திருந்தது.

ரஃபி தொண்டையைச் செருமினார். "நான் இதைச் சொல்லக் கூடாது. ஆனா சட்டத்துல மனைவின்னு இல்ல. பெத்தவங்கன்னும் இல்ல. 'யாரேனும் ஒருவர்'னுதான் இருக்கு. எழுதினவங்களுக்கு, வேற யாரு ஏங்கப் போறாங்கன்னு நெனப்பு. மூணு அளவுல எது அதிகமோ அதை எடுத்துக்கலாம்னும் விதி இருக்கு." யாமினியைப் பார்க்காமல் சொன்னார். "ஐம்பத்தெட்டு தாராளமாப் போதும்."

அதன் பொருள் மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஜன்னலோரம் நின்றபடியே கோகிலா கேட்டாள்.

"அப்ப சான்றுல என்ற பேரு?"

"இருக்காதும்மா. மேடம் பேருதான் இருக்கும். காத்திருக்கறது அவங்கன்னு ஆயிரும். மேடமும் இங்க ஆலோசகரா இருக்க முடியாது, பயனாளி ஆயிருவாங்க."

யாமினி, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். முறையில்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் வேறொன்று இருந்தது. சான்று வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டாள். கோகிலாவுக்காக மட்டும் இல்லை. அந்த மனிதர் இல்லை என்று யாரும் முத்திரை குத்திவிடக் கூடாது என்று தோன்றியது. அதை எண்ணி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்க சொல்றதுதான் கோகிலா. நீங்க வேண்டாம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கோகிலா வெகுநேரம் வண்டிகளையே பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"பொண்டாட்டிக்குப் பதினொண்ணு. கண்ணுல பாக்காதவங்களுக்கு அம்பத்தெட்டு. நல்லா இருக்குதுங்க எம்பொழப்பு," என்றாள். "போடுங்க. அவரு பேரு இருக்கட்டும்."

படிவத்தில் ஒரு கட்டம் மிஞ்சியது. காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன உறவு? காலியாக விட்டால் திரை அடுத்த பக்கம் போக மறுத்தது. ரஃபி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னு போடுங்க," என்றாள் கோகிலா.

கிளம்பும்போது ரஃபி பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இனி மேடத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் உண்டு. செவ்வாய் பதினொண்ணு காலியாத்தான இருக்கு. ஆலோசகர் வர்ற வரைக்கும், அந்த இலக்குக்கு நாற்பதுக்குக் கீழ உள்ள யாரும் கேட்குநரா உட்காரலாம். இந்த அம்மாவே உட்காரலாம், ஏந்துரை முறை தெரியுமே." சற்று நிறுத்தினார். "ஒண்ணு யோசிச்சீங்களா? இவங்க குறைஞ்சதுக்கு மையத்துக்கு மானியம் உண்டு. நாளைக்கு நீங்க குறைஞ்சாலும் உண்டு."

"குறைஞ்சது எங்க போச்சுன்னு யாரும் கேட்க மாட்டாங்களா சார்?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க மேடம்," என்று சொல்லிப் படியிறங்கினார்.

*

அடுத்த செவ்வாய் கோகிலா சரியாகப் பதினொரு மணிக்கு வந்தாள். எந்த நாற்காலியில் உட்காருவது என்று ஒரு கணம் நின்றுவிட்டு, யாமினி எப்போதும் உட்காரும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். யாமினியின் நெற்றியில் இதழை ஒட்டினாள். அறுபது.

"ஏறியிருக்குதுங்க," என்றாள். சந்தோஷமா வருத்தமா என்று தெரியாத குரல். "சொல்லுங்க."

யாமினிக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று வருடங்களாகக் கேட்டதையே திருப்பிச் சொல்லிப் பழகிய வாய். கண்ணை மூடினாள். மூடியதும் வந்தது.

"ஒருநாள் வேலை முடிஞ்சு கூப்பிட்டார். எப்பவும் அன்னிக்குத் துளையில என்ன கல்லு வந்துச்சுன்னு சொல்வார். அன்னிக்கு ஒண்ணும் பேசல. என்னன்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல, இந்த ஊர்ல தண்ணி விழற சத்தமே கேக்கறதில்ல. நீ பாத்திரம் கழுவு, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்'னார். நான் போனை ஜன்னல்ல வச்சுட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். எல்லாம் கழுவி முடிஞ்சுது. அவர் வைக்கல. கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவினேன்."

கோகிலா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இத நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே. இப்பிடி ஒண்ணு நடக்கவும் இல்லீங்களே."

யாமினி கண்ணைத் திறந்தாள். நூற்றைம்பது செவ்வாய்க்கிழமைகளையும் மனத்துக்குள் புரட்டினாள். எதிலும் இது இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

"தெரியல கோகிலா. சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. நான்... வேண்டாம்னா விட்டுடறேன்."

"இருங்க." கோகிலா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன. துடைக்கவில்லை. "மூணு வருசமா நான் சொன்னதையேதானுங்க சொல்லிட்டிருந்தேன். அவருகிட்ட இருந்து புதுசா ஒரு சேதி வரவே இல்ல. இன்னிக்குத்தான் வருது."

அவள் மூச்சை இழுத்துவிட்டு ஏந்துரையைத் தொடங்கினாள். "நான் போன ஜன்னல்ல வெச்சேன். கொழாயத் தொறந்து விட்டேன். அவரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு."

நிறுத்தி, யாமினியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பறம் என்னங்க சொன்னாரு?"